சூப்பர்வைசருக்குத் தொப்பை விழுந்த கதை

கால்நடை மருத்துவரிடம் நோயாளி பொய் சொல்லாது. அந்த வேலையைக் கூட வருபவர் பார்த்துக்கொள்வார். நாய் வளர்த்து நொந்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

காலை என்றால் எப்போது?

வல்லம் வடகாலில் ஒரே அறையில் மூன்று பையன்கள். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், இங்கே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, ஆளுக்கொரு ஷிப்ட். தெருநாய் ஒன்றை வளர்த்து, "சூப்பர்வைசர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். லைனில் திட்ட முடியாததை அறையில் திட்டிக்கொள்ளலாமே!

சூப்பர்வைசர் ஓயாமல் சொறிகிறார் என்று தூக்கி வந்தான் மூவரில் ஒருவனான முருகேசன். தினம் காலையில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை, பத்து நாள் என்றேன். அரிப்பு நின்றது, மாத்திரை நிற்கவில்லை. மருந்துக் கடையில் காலி அட்டையைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி, மூவரும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். பின்னாளில் கேட்டபோது முருகேசன் சொன்னான்: "அவனவன் எந்திரிக்கிற நேரந்தான சார் காலைல?"

ஏரி வற்றிய வருஷம்

அந்த வருஷம் செம்பரம்பாக்கம் ஏரி வற்றியதற்கு மழையைக் குறை சொன்னார்கள். குடித்தது யாரென்று எனக்குத் தெரியும். வாளி வாளியாகக் குடித்து, மாடிப்படியெல்லாம் நனைத்ததாம் அந்த நாய். முடி கொட்டி, வயிறு தொங்கியதாம்.

சொன்னவர் அவர்களுக்கு அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்கார முனியம்மா, படப்பை பஸ்ஸில் ஏறிக்கொண்டே. "இன்னா டாக்டரே, அது எப்போ குட்டி போடும்?" ஆண் நாய் குட்டி போடாது, இது மாத்திரை செய்த வேலை என்றேன். "மாத்திரையாலயா? இப்பவே போய் அதெல்லாம் எடுத்து சாக்கடைல கடாசறேன்!" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. திடீரென நிறுத்தினால் நாய் உயிருக்கே ஆபத்து. "நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கண்டக்டர் தலையை நீட்டினார்: "ஏறவும் மாட்ட, நிறுத்தவும் கூடாது, இன்னாத்துக்குய்யா ஓடியார?"

சரவெடி

மறுநாள் போனேன், மூவரும் ஓவர்டைமில், அறையில் பூட்டு, சாக்கடையில் மாத்திரை அட்டைகள். அடுத்த நாள் தீபாவளி. முதல் சரவெடிக்கே நாய் சுருண்டு விழுந்தது. புதுச்சட்டையெல்லாம் வாந்தியோடு முருகேசன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஈறு வெளுத்து, உடம்பு சில்லிட்டிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, ஸ்டீராய்டு ஊசியும் போட்டேன். "அந்த விஷத்தையே திரும்பப் போடுதீயளே சார்!" என்று கையைப் பிடித்தான்.

"சிறுநீரகத்துக்கு மேலே சின்னதாக இரண்டு சுரப்பி இருக்கிறது. பயத்தையும் நோயையும் தாங்குகிற ஹார்மோனைச் சுரப்பது அதுதான். அது பர்மனென்ட் ஆள், மாத்திரை கான்ட்ராக்ட். வெளி ஆளை மூன்று ஷிப்டிலும் இறக்கினால், மூளை பர்மனென்டுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிடும். அது சுருங்கித் தூங்கும். அந்த நேரம் பார்த்து கான்ட்ராக்டையும் நிறுத்தினால் லைன் நிற்காதா?" என்றேன்.

சாயங்காலம் நாய் தலையைத் தூக்கியது. அதன் காதைத் தடவியபடியே முருகேசன் சொன்னான்: "பர்மனென்ட் தூங்குது, கான்ட்ராக்ட் ஓடுது. நாய் வயித்துக்குள்ளயும் எங்க கம்பெனிதான் சார் நடக்கு."

ஒரு நாள் விட்டு ஒரு நாள்

மாத்திரைப் பொறுப்பை முனியம்மாவிடம் கொடுத்தேன். முதலில் ஒன்று, பிறகு பாதி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுரப்பி மெதுவாகக் கண் விழித்தது. தொப்பை வடிந்தது, முடி வந்தது. மாத்திரை அடியோடு நின்ற பிறகும் சூப்பர்வைசர் வாலாட்டிக்கொண்டு நின்றார்.

அதைக் காட்ட வந்த முருகேசன் தோளில் பை தொங்கியது. முந்தின நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மூவரையும் அனுப்பிவிட்டார்களாம். நாயோடு ஊருக்குக் கிளம்பிவிட்டான். வாசல் வரை போனவன் திரும்பினான்: "நாய்க்கு எழுதின மாதிரி, இவங்களையும் கொஞ்சங் கொஞ்சமா நிறுத்தணும்னு எங்களுக்கும் ஒரு சீட்டு எழுதித் தாங்களேன் சார்."

எழுதித் தருவதில் எனக்கொன்றும் தயக்கமில்லை, ஆனால் என் சீட்டுக்கு நாயின் சுரப்பி கட்டுப்படுமே தவிர, கம்பெனி கட்டுப்படாது.