வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த மான்

அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் பெருந்தன்மையை எதிர்பார்க்க வேண்டாம்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் நானும் அவனும். இப்போது அவனுக்கு மோர்னிங்சைட்டில் பெரிய வீடு, வேட்டை லைசென்ஸ், ஒரு துப்பாக்கி. மான் சுட்டு வந்தால், ஆடு அடித்துப் பங்கு போடுகிற எங்கள் வழக்கப்படி இறைச்சியைப் பைகளில் கட்டித் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்தப் பங்கைத் தின்று தின்றே எங்கள் ஆட்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள்.

போன நவம்பரில் துணைக்கு வரச் சொன்னான். வேட்டைக்குப் போகிறவர்கள் போடுகிற செம்மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு, தேநீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு போனேன். வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம். தன் காட்டுத்துண்டில் வேட்டையாட ஒரு பண்ணைக்காரர் அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தார். காலை பத்து மணியளவில் ஒரு பெண்மான் வந்தது. சுட்டான். வயிற்றில் பட்டது. மான் எல்லை வேலியைப் பாய்ந்து, அந்தப் பக்கம் கொஞ்சத் தூரத்தில் விழுந்தது. சாகவில்லை.

“வா, கிட்டப் போவம்” என்றேன்.

“அங்கால வேற ஆளின்ர காணி. கேக்காமல் கால் வைச்சால் குற்றம்.”

“அப்ப போய்க் கேப்பம். அந்தா, வீடு தெரியுதுதானே.”

“சும்மா இரடாப்பா. இப்ப போனால் அந்தக் காணிக்காரன் இன்னொரு வெடி வைக்கச் சொல்லுவான், இறைச்சி பழுதாப் போகும். அது அடங்கட்டும். ஆறுதலாப் போய்க் கேப்பம். சட்டத்தில ஒரு பிழையும் இல்லை.”

சொல்லிவிட்டுப் போத்தலைத் திறந்து எனக்கும் ஒரு கோப்பை தேநீர் நீட்டினான். மான் முன்னங்கால்களை ஊன்றி எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பப் பார்த்தது. கேட்காமல் காணிக்குள் போகாதே என்றுதான் சட்டம் சொன்னது. கதவைத் தட்டாதே என்று அது சொல்லவேயில்லை.

நான் தனியாக நடந்துபோய்த் தட்டினேன். ஒரு வயதான வெள்ளைக்காரர் சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் என்னோடு விரைந்து வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மான் செத்திருந்தது. அதைச் சுற்றிப் புல்லெல்லாம் கிளறுண்டு கிடந்தது. நான்தான் சுட்டேன் என்று நினைத்து, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவனைப் பதில் சொல்ல வைக்கவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தேன். கிழவர் சம்மதிக்க, பிறகு அவன் வந்து மானை இழுத்துக்கொண்டு போனான்.

இரண்டு கிழமை கழித்து அவன் வீட்டில் விருந்து. பிட்டும் அந்த மானின் இறைச்சிக் கறியும். “ஒரே வெடி. நிண்ட இடத்திலயே விழுந்தது” என்று அவன் எல்லாருக்கும் கதை அளந்துகொண்டிருந்தான். நான் பிட்டைச் சம்பலோடு மட்டும் சாப்பிட்டேன். எல்லாரும் இரண்டாந்தரம் கறி போட்டுச் சாப்பிட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இறைச்சி அவர்கள் வயிற்றுக்குள் போகட்டும் என்று காத்திருந்தேன். அதன்பிறகு, குரலை உயர்த்தாமல், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் குடித்த தேநீரையும் சேர்த்துத்தான்.

ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். இன்னொருவர் கை கழுவ எழுந்தார்.

“நான் சட்டத்துக்கு மாறாய் என்ன செய்தனான்? ஆரும் சொல்லுங்கோ பாப்பம்!” என்று அவன் கத்தினான். அவன் முகம் கறுத்துப்போனதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை நான் ஒளிக்கப் போவதில்லை.

அப்போதுதான் அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். விடியற்காலையிலிருந்து நின்று அந்தக் கறியைச் சமைத்தவள் அவள். சத்தி எடுக்கிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவள் அவனைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணை, உங்களுக்கு இது அண்டைக்கே தெரியும்தானே? நான் அடுப்பில வைக்க முதல் ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே என்ற பதில்தான் முதலில் என் வாயில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு தலை குனிந்தேன்.