அழைப்பிதழில் அக்காவின் படிப்பு

நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் ஆறு அழைப்புமணிகள் உண்டு. மூன்றாவது மணிக்கு எதிரே ‘முருகேசன்’ என்று எழுதியிருக்கிறது. முருகேசன் என் அப்பா. அவர் ஜெர்மனிக்கு வந்ததே இல்லை. கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்பதால், பாஸ்போர்ட்டில் இருந்த அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. தபால்காரர் முதல் பல் டாக்டர் வரை என்னை ‘ஃப்ராவ் முருகேசன்’ என்கிறார்கள். ஃப்ராவ் என்றால் திருமதி. ஊரில் திருமதி முருகேசன் என்றால் அது அம்மா. வந்து நான்கு வருடமாகியும் அரை நொடி தாமதித்துத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்தப் பலகையில் யார் பெயருக்குப் பின்னாலும் படிப்பு இல்லை. எதிர்வீட்டு ஃப்ராவ் வெபரின் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு ‘டாக்டர்’ உண்டு. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையோ காதுகுத்து பிளக்ஸோ, படிப்பைப் போடாமல் பெயரைப் போட மாட்டார்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவனுக்கும் அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அக்காவின் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் வாட்ஸ்அப்பில் வந்தது. கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். எதையும் மேலிருந்து கீழாகச் சரிபார்ப்பது பழக்கம். நாள், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் சரி. வரவேற்போர் வரிசையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ., ஜெர்மனி. சித்தப்பா மகனுக்கு பி.காம். நடுவில் பெரிய எழுத்தில் மணமகள் கலைச்செல்வி. அவ்வளவுதான். எம்.எஸ்சி. வேதியியல் முடித்த அக்காவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்து வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

“பிரஸ்ஸுக்காரன் தப்பில்லடி,” என்றார் அம்மா. “மாப்ள வூட்டுல போட வேணாம்னுட்டாங்க. அவரு டிப்ளமோ. பொண்ணு எம்.எஸ்சி.ன்னு போட்டா ஊரு சிரிக்குமாம்.”

மாப்பிள்ளை செந்தில்குமாருக்குத் தா.பழூரில் டிராக்டர் சர்வீஸ் கடை. அப்பா போனை வாங்கினார். “எழுத்து போனா போவுது தாயி. கல்யாணம் நின்னுடக் கூடாது.” ‘பொண்ணு ரொம்பப் படிச்சிருக்கு’ என்று ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. அக்காவுக்கு முப்பது ஆகிவிட்டது. படிப்பின் பலன்களைச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் மறுபக்கம் இது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிவேலை பார்த்த காலம். “பொட்டப்புள்ளய பெரம்பலூர் வரைக்கும் பஸ் ஏத்தி வுட்டு, கலெக்டராவா ஆக்கப்போற?” என்று பெரியப்பா அப்பாவைக் கேட்டார். ரெண்டு பஸ் மாறிப் போய்வந்து படித்த அக்காவுக்கு, அரியலூருக்கு வெளியே ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அதன்பிறகு வீட்டுக்குத் தளம் போட்டோம். அம்மா களையெடுக்கப் போவதை நிறுத்தினார். நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன். அப்பா எந்த வீட்டு வாசலில் நின்று கூலி கேட்பாரோ, அந்த வீட்டுப் பெரியவரின் மகன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பெண்ணைப் பிளஸ் ஒன்னில் எந்த குரூப்பில் சேர்க்கலாம் என்று அக்காவிடம் கேட்டார். அம்மா கொடுத்த டீயை முழுசாகக் குடித்தார்.

இதையெல்லாம் வரிசை எண் போட்டு ஏழு பாயிண்டாக எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன். அக்காதான் அவருக்குப் படித்துக்காட்டினாள். உடனே எனக்குக் கூப்பிட்டாள்.

“ஏழு பாயிண்ட் எழுதியிருக்க, கீழ சீல் மட்டுந்தான் இல்ல,” என்று சிரித்தாள். “இத அப்பாவுக்கு ஏன் அனுப்புற பாப்பா? கட்டிக்கப்போறவர்ட்ட நான் பேசிக்கிறேன். நீ லைன்லயே இரு, வாயத் தொறக்காத.” என்னை இணைப்பில் வைத்துக்கொண்டே செந்தில்குமாரைக் கூப்பிட்டாள். தங்கச்சியும் லைனில் இருக்கிறாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“பத்திரிகையில என் படிப்பு வேணாம்னது நீங்களா, உங்க அப்பாவா?”

பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றது. “அப்பா சொன்னாருங்க. நான் போடுன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல.”

“அதாங்க பிரச்சன. இன்னக்கிப் படிப்பு தெரியக் கூடாதும்பாங்க, நாளைக்கு வேலைக்குப் போறது தெரியக் கூடாதும்பாங்க. உங்களுக்குச் சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பத்திரிகை இன்னும் அடிக்கல.”

அக்காவுக்கு இது நான்காவது இடம்.

“சங்கடம்லாம் இல்லைங்க,” என்றார் அவர் கடைசியில். “போடச் சொல்லுங்க. என் டிப்ளமோவையும் சேத்துப் போடுங்க. மூணு அரியர் எழுதி முடிச்சது, அத ஏன் மறைக்கணும்? அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“அரியரையும் போடணுமா?” என்றாள் அக்கா. அவர்தான் முதலில் சிரித்தார்.

இரண்டு பெயருக்கும் ஒரே அளவில் படிப்பு போட்ட பத்திரிகை தபாலில் வந்தது. மாடிப்படியில் ஃப்ராவ் வெபரிடம் காட்டினேன். தமிழ் எழுத்துக்கு நடுவே நின்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்து, இவர்களெல்லாம் ஏதாவது சங்கத்து உறுப்பினர்களா என்று கேட்டார். விளக்கினேன். “கல்யாணத்துக்குச் சான்றிதழ் எதற்கு?” என்றார். அவருடைய மணியில் இருக்கும் ‘டாக்டர்’ பற்றிக் கேட்டேன். “அது என் கணவருடையது. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அதைப் பார்த்துத்தான் பார்சல்காரன் பெட்டியை மரியாதையாக வைக்கிறான். எடுத்துவிட்டால் தூக்கி எறிவான்,” என்றார். எங்கள் இரண்டு ஊருக்கும் தூரம் அவ்வளவாக இல்லை என்று அன்று தோன்றியது.

என் மணியிலும் பி.இ. சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்த்தால் ‘முருகேசன் பி.இ.’ என்றாகும். அப்பா ஐந்தாவது வரைதான் படித்தார். அப்படியே விட்டுவிட்டேன். அக்காவின் பத்திரிகையில், ஊரில் இல்லாத நான் மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்கிறேன். இங்கே என்னைப் பார்க்க வருகிற யாராயிருந்தாலும், முதலில் அப்பாவின் பெயரை அழுத்திவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.