டென்மார்க் உபயம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் றிப்கா கல்யாணக் கார்டும் பெயர்ப்பலகையும் வடிவமைத்துக் கொடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து படித்தவள். 2008இல் கனடாவிலிருந்து விடுமுறையில் போனபோது என் பகல்கள் அந்தக் கடையில்தான் கழிந்தன.

இணையத்தில் படம் தேடும்போது றிப்கா முதலில் பார்ப்பது படத்தை அல்ல, அதன் கீழே உரிமை பற்றியுள்ள சின்ன எழுத்தை. காரணம் உண்டு. அவள் வரைந்த தேயிலைக் கொழுந்து ஓர அலங்காரத்தை வேறொரு கடைக்காரர் கல்யாணக் கார்டு ஒன்றுக்கு அப்படியே சுட்டுவிட்டார். மூலையிலிருந்த அவளுடைய தொலைபேசி எண்ணை எடுக்க மறந்துபோனார். முன்பின் தெரியாத அந்தக் கல்யாணத்துக்கு வர முடியாதென்று பலர் இவளை அழைத்தார்கள்.

"பரவாயில்லங்க, பொண்ணு மாப்பிள்ளைகிட்ட சொல்லிர்றேன்னு நானும் சொன்னேன்" என்று சிரிப்பாள்.

அந்த வாரம் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் வந்திருந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் கோவில் வேலை. பிடித்துப்போனால் சுற்றியுள்ள தோட்டங்களும் வரும்.

அகல் விளக்குப் படம் தேடினோம். ஒன்றின் கீழே, வியாபாரத்துக்கு ஆகாது என்றிருந்தது. "நான் காசு வாங்குறேனே, சரிவராது" என்று தள்ளினாள். இன்னொன்றை வெட்டவோ மாற்றவோ கூடாதாம். அடுத்தது, டென்மார்க்கில் கிர்ஸ்டன் லுண்ட் என்ற பெண் எடுத்தது. அச்சடிக்கலாம், வெட்டலாம், விற்கலாம். எடுத்தவர் பெயரைப் போட்டால் போதும். நான் பயந்து பயந்து அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

"இன்னொரு தடவ வாசிச்சா மாறிருமா, கேதீஸ்?" என்றாள்.

மாதிரியைப் பார்க்கக் கோவில் தலைவர் வீரய்யாவும் பொருளாளர் நல்லமுத்துவும் வந்தார்கள். வீரய்யாவின் விரல் அடியிலிருந்த பெயரில் நின்றது.

"யாரும்மா இது? நம்ம தோட்டத்துல எந்த டிவிசன்?"

"டென்மார்க்குங்க. விளக்குப் படம் எடுத்தவங்க."

"நோட்டீசுல பேரு வரணும்னா உபயம் செஞ்சிருக்கணும். போன வருசம் மாலை குடுத்த அம்மாக்கண்ணு பேரு விட்டுப்போச்சு. இன்னும் என்கூடப் பேசல. அவ என் பொண்டாட்டி."

"அப்ப வேற படம் போடுறேங்க."

"படம் நல்லாருக்கு, இருக்கட்டும். பேர எடுத்துருங்க. நம்ம நோட்டீசு டென்மார்க்குக்கா போவுது?"

"பேர எடுத்தா படத்தையும் எடுக்கணும், தலைவரே."

"டவுன்ல வேற கடை இல்லாமயா போச்சு?"

விட்டுக்கொடு என்று அவள் முழங்கையைத் தொட்டேன். முழங்கையை நகர்த்திக்கொண்டாள்.

அதுவரை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நல்லமுத்து கேட்டார். "அந்தம்மா படத்துக்கு என்னா வாங்குச்சு?"

"ஒண்ணும் வாங்கலைங்க. சும்மாதான் குடுத்திருக்காங்க."

"அப்ப அது உபயந்தானே, தலைவரே?"

வீரய்யா தாடையைச் சொறிந்தார். "உபயத்துலயே போடுங்க. அம்மாக்கண்ணு பேருக்கு மேல மட்டும் வேணாம்."

அப்படியே அச்சானது: 'விளக்குப் படம் உபயம்: கிர்ஸ்டன் லுண்ட், டென்மார்க்.'

திருவிழா முடிந்ததும் வீரய்யா வாழையிலைப் பொட்டலம் ஒன்றோடு மாடியேறி வந்தார். தேங்காய் மூடி, பழம், விபூதி.

"உபயகாரங்க பேரெல்லாம் ஸ்பீக்கர்ல வாசிச்சோம். அந்தம்மா மட்டுந்தான் வரல. எப்படியாச்சும் சேத்துருங்க. டயகமத் தோட்டக்காரங்களும் நோட்டீசுக்கு வருவாங்க, சொல்லியிருக்கேன்."

றிப்கா பிரசாதத்தை மேசையில் பரப்பிப் படமெடுத்தாள். நோட்டீசோடு சேர்த்து டென்மார்க்குக்கு மின்னஞ்சல். ஆங்கிலம் என்னுடையது, கடைசி வரியை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: இந்தப் படத்தை நீங்கள் அச்சடிக்கலாம், வெட்டலாம், விற்கலாம். எங்கள் கோவில் பெயரைப் போட்டால் போதும்.

அனுப்பிவிட்டுப் பழத்தை உரித்து என்னிடம் நீட்டினாள். "இது டென்மார்க் போறதுக்குள்ள கறுத்துரும். நீ சாப்புடு."