சாமி விளக்கின் மேல் இறங்கிய திரை

என் வீட்டுக்காரரைக் குறை சொன்னதாகிவிடும் என்று மூன்று வருடமாக இதை எழுதத் தயங்கினேன். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

சித்தூர்ப் பக்கம் எங்கள் வீடு. ரிமோட்டை அழுத்தினால் சுருள் விரிந்து இறங்கும் புரொஜெக்டர் திரையைச் சாமி அலமாரிக்கு மேலே உயரத்தில் மாட்டியிருந்தோம். அண்ணாந்து பார்த்தே என் கணவருக்குக் கழுத்து வலி வந்தது. மாட்டியவர் மறுபடி வந்து, "இன்னுங் கீழ எறங்கறாப்புல வெச்சரலாமுங்க. படம் பாக்கறப்ப வெளக்க அணைச்சுக்கோங்க" என்றார்.

"எண்ணெய் தீராம சாமி வெளக்க அணைக்கறதுங்களா? வடக்குச் செவுத்துல மாட்டுங்க" என்றேன்.

"அப்பறம் சோபாவ ஆரு திருப்பறது?" என்றார் இவர். திரையைக் கீழே இறங்கும்படியே வைத்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிவிட்டு அடுக்களைக்குப் போனேன். இவர் மறந்து ரிமோட்டை அழுத்திவிட்டார். திரை சுடர்மேல் இறங்கிப் பற்றிக்கொண்டது. மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஈரச் சாக்கால் அடித்தேன். வீட்டை முருகன் காப்பாற்றினான், என் வலது கை வெந்தது.

இப்போது திரை வடக்குச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கிறது. கழுத்து வலியும் இல்லை. சோபாவைத் திருப்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விளக்கு எரியும்வரை ரிமோட் என் மடியில்தான்.

திரை மாட்டப் போகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், என் கோபத்தைக்கூடக் குறைக்காமல்.