தினம் நாற்பது பேர்

மலர்கொடி கேட்டதெல்லாம் கதவு வைத்த ஓர் அறை. அதை அரசாங்க மொழியில் கேட்டால் துணை சுகாதார நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் என்று ஆகிவிடுகிறது. பதினாறு வருஷமும் ஆகிவிடுகிறது.

அவள் கிராம சுகாதாரச் செவிலியர். நெய்வேலி டவுன்ஷிப்பில், இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸிலிருந்து காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, சேத்தியாத்தோப்பு போகிற வழியில் அய்யன்மேடு என்ற ஊரில் இறங்குவாள். கணவர் சிங்காரவேல் நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. அதனால் அவளுக்குத் தலைவலி வந்தால் சுரங்கத்தாரின் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. அவள் வைத்தியம் பார்க்கிற ஊருக்கு ஒரு வாடகை வீட்டின் முன்கட்டு உண்டு. கர்ப்பிணிகளைச் சோதிக்க அதில் ஒரு மூலை. மூலைக்கு மறைப்பு, அவளுடைய பழைய வாயில் புடவை. காற்றடித்தால் புடவை விலகும். உள்ளே படுத்திருப்பவள் சட்டென்று முழங்கையால் முகத்தை மூடிக்கொள்வாள். வயிற்றை மூடத் தோன்றாது. முகம் தெரியாவிட்டால் ஆள் தெரியாது என்ற ஒரு நம்பிக்கை.

ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். அதற்குள் அந்தப் புடவையை அவிழ்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தை மாதம் நிதி வந்தது. கிராமப்புறச் சுகாதாரத்தை மேம்படுத்த, அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இரண்டு புதுக் கட்டடங்கள். கேட்டிருந்ததோ ஏழு ஊர்கள். இந்தச் செய்தி அய்யன்மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் வேறு உருவம் எடுத்துவிட்டது: கூட்டம் இல்லாத சென்டரை எடுத்துவிடப் போகிறார்களாம். எடுப்பது என்பது அந்த ஊருக்குப் பழகிய சொல். பக்கத்து ஊர் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளிக்கூடத்தை எடுத்தார்கள். ஊருக்குள் வந்துகொண்டிருந்த பஸ்ஸை எடுத்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. எனவே ஊர் கூடி முடிவு செய்தது, கூட்டம் காட்டுவதென்று. தெருவுக்கு ஒரு நாள் என்று முறையும் வைத்தார்கள்.

மறுநாள் மேற்குத் தெரு முழுக்க வந்து நின்றது. முன்னால் சடையப்பன், மூன்று ஏக்கர் நெல்லும் அறுபத்தெட்டு வயதும் கல்லுப்போல உடம்பும் உள்ளவர்.

"நர்ஸம்மா, பிரஷர் பாருங்க."

"முந்தாநேத்துதான பாத்தேன்? நல்லாத்தான இருந்துது?"

"அது முந்தாநேத்தோட போச்சி. இன்னிக்கு இன்னான்னு பாத்து எழுதிக்குங்க."

எழுதாமல் விடலாம். ஆனால் அவள் எழுதி முடிக்கிறவரை அவர் எழுந்திருக்க மாட்டார். பேனா நகர்வதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்.

பின்னால் நின்ற பெரியநாயகி குரல் கொடுத்தாள். "சீக்கிரம் எழுந்திரு மாமா. ஒனக்கு இல்லாத நோய்க்கு எம்மா நேரம் குந்திகினு இருப்பே? இல்லாத நோயோட நாங்களும் நின்னுகினு இருக்கோம்ல?"

இப்படித் தினம் நாற்பது பேர். பதிவேடு நிரம்பிப் புதியது வாங்க வேண்டியதாயிற்று. நடுவில் நிஜமாகவே மாதம் நிறைந்த பெண்கள், நோயில்லாதவர்களின் வரிசையில் கால் கடுக்க நின்றார்கள்.

பங்குனியில் மேலதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"மலர்கொடி அம்மா, உங்க சென்டர்தான் ஃபர்ஸ்ட். உங்களுக்குச் சான்றிதழும் கொண்டுவந்திருக்கேன்."

"அப்ப கட்டடம் சார்?"

"கட்டடம் இல்லாமலே இவ்வளவு பேரைப் பாக்கறீங்க. உங்களுக்கு எதுக்குங்க கட்டடம்? ஜனம் வராத ரெண்டு ஊருக்குக் குடுத்தாச்சு. அங்கயும் நாலு பேர் வரணுமில்ல?"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று உடனே விரல் வைக்க முடியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. போகும்போது ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அடுத்த லிஸ்ட் ஆடியில. அப்பப் பாக்கலாம்."

வீட்டில் சிங்காரவேல் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சான்றிதழை வாங்கி, படித்து, கையிலேயே எடை பார்த்தார். "ஃப்ரேம் போட்டு இங்கயே மாட்டிடு. நம்மகிட்ட சுவராவது இருக்கு."

மறுநாள் கிழக்குத் தெருவின் முறை. தன் முறை இல்லாவிட்டாலும் சடையப்பன் மேற்பார்வைக்கு வந்திருந்தார். மலர்கொடி எல்லோரையும் நிறுத்திவைத்து விஷயத்தைச் சொன்னாள். ஆடி வரைக்கும் நோய் இருந்தால் மட்டும் வாருங்கள். எண்ணிக்கை குறைந்தால்தான் கட்டடம் வரும்.

சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பக்கத்து ஊர் நெலத்த எடுக்கவும் இப்பிடித்தான் நல்லதாப் பேசினு வந்தாங்க, நர்ஸம்மா. உங்களுக்கு ரிட்டேரு வருது, கெளம்பிடுவீங்க. கூட்டம் இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா, நாங்க எங்க போறது?"

"நான் ஏங்க அப்படி எழுதப்போறேன்?"

"நீங்க எழுத மாட்டீங்க. எழுதச் சொல்லுவாங்க."

அவள் பதிவேட்டைத் திறந்தாள். வரிசை நகர்ந்தது. பயத்தில் வடக்கு, மேற்குத் தெருக்களிலிருந்தும் சிலர் முறை தவறி வந்து சேர்ந்துகொண்டார்கள். மத்தியானத்துக்குள் ஐம்பத்து மூன்று. எழுதி எழுதி அவளுக்குப் பின்கழுத்தில் விண்விண்ணென்று தெறித்தது.

கடைசியாகக் கிளம்பிய பெரியநாயகி வாசலில் நின்றாள்.

"மூஞ்சே சரியில்லையே, அக்கா. ஒங்களுக்குப் பாத்துக்கினீங்களா?"

அவள் போன பிறகு மலர்கொடி பிரஷர் பார்க்கிற பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பார்த்தாள். நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்று நான்கு. சந்தேகப்பட்டு ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை பார்த்தாள். அதேதான். காலையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் நிஜமான நோயாளி இப்போதுதான் வந்திருக்கிறார்.

பதிவேடு திறந்தே இருந்தது. ஐம்பத்து மூன்றுக்குக் கீழே கோடு காலியாக இருந்தது. பேனாவை எடுத்தாள், ஆடி மாதத்தை நினைத்தாள்.

பேனாவை மூடி வைத்தாள். ஒன்றாவது குறையட்டும்.

அலமாரியிலிருந்து மாத்திரை ஒன்றை எடுத்து, தண்ணீர் செம்போடு புடவை மறைப்புக்குள் போய்க் கட்டிலில் படுத்தாள். காற்றடித்தது. முழங்கையை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள்.