போணி நேரத்தில் கோவிந்தராசு

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில் கோவிந்தராசு மாமாவுக்கு வேலை. சூளையிலிருந்து இறங்கும் ஜாடி, கப்பு எல்லாவற்றையும் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் இந்தப் பக்கம், டொக்கு என்றால் அந்தப் பக்கம். அவ்வளவுதான். ஆனால் நடை என்னவோ தீர்ப்பு எழுதிவிட்டு வரும் ஜட்ஜ் மாதிரி இருக்கும். குறை சொல்வதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள் என்றதும், அது ஏதோ பெரிய படிப்பு என்று நினைத்துக்கொண்டுவிட்டார். வீட்டில் சோற்றுப் பானையைத் தட்டுவார். பஸ்ஸில் ஏறினால் தகரத்தைத் தட்டுவார். ஒரு சாவு வீட்டில் பாடை மூங்கிலைத் தட்டிப் பார்த்து, பச்சை மூங்கில் என்று முகம் சுளித்தவர். எனக்குத் தூரத்து முறையில் மாமா. அந்தத் தூரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம்.

லீவு நாளில் சந்தை பார்ப்பதுதான் அவருக்குச் சுற்றுலா. அக்கம்பக்கத்தில் எந்த ஊரில் சந்தை கூடினாலும் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். வெல்லக் கடையில் ஒரு துண்டு, மல்லாட்டைக் கடையில் ஒரு பிடி வேர்க்கடலை, பழக் கடையில் ஒரு சுளை. வயிறு நிறைந்துவிடும், பை காலியாகவே திரும்பும். எல்லாக் கடையிலும் விலை கேட்பார், பாதிக்குக் கேட்பார், கடைக்காரன் இறங்கி வந்தால், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று நகர்ந்துவிடுவார். சந்தையில் வாங்குகிறவன் ஏமாளி, பார்க்கிறவன்தான் புத்திசாலி என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தை மகன் பூபாலன் கல்யாணத்திலும் காட்டினார். அதுதான் வினை. ஒரு பெண்ணுக்குப் பல் எடுப்பு என்றார். ஒருத்தி உயரம் என்றார். ஒருத்தி சிரிக்கிறாள் என்றார். பூபாலன் தங்கமான பையன், முப்பதைத் தாண்டி முன்நெற்றி ஏறிக்கொண்டே போனது. சொந்தத்தில் பெண் தர ஆளில்லாமல் போய்விட்டது. தரகரும் கையெடுத்துக் கும்பிட்டு, வேப்பூர்ப் பக்கம் ஒரு இடம் இருக்கிறது, இதுவும் தட்டிப்போனால் என் வீட்டு வாசலுக்கு வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட சாவித்திரி அத்தை, மாமாவின் சம்சாரம், பழமலைநாதர் கோயிலில் விளக்குப் போட ஆரம்பித்தார்.

பெண் பெயர் சௌந்தர்யா. அப்பா இல்லை. அம்மா பெரியநாயகி, வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் புளியும் மிளகாயும் விற்று மகளை டீச்சர் படிப்பு படிக்க வைத்தவர். யாரும் சந்தோஷப்படுகிற விஷயம். மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெண் பார்க்கப் போவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் சந்தையில் அந்த அம்மாவை எடை போட வேண்டுமாம். துணைக்கு என்னை இழுத்தார். இப்படி ஒரு கூத்தை விட்டுவிட எனக்கும் மனசு வரவில்லை.

அரசாங்க டிவி வீடு வீடாக வந்த வருஷம் அது. மாமா என்னுடைய கூலிங்கிளாஸை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டார் (இன்னும் திரும்பி வரவில்லை). மகனின் தொப்பி வேறு. யாராவது கேட்டால், சேலத்துக்காரர், ஊர் ஊராகச் சந்தை பார்க்கிற பிரயாணி என்று சொல்ல வேண்டுமாம். ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால் ஆட்டைத் திருட வந்தவர் மாதிரி இருந்தது. ஆடு பிடித்திருந்தவர்கள் கயிற்றை இறுக்கிக்கொண்டார்கள்.

விடிந்தும் விடியாத நேரம். பெரியநாயகி அம்மா அப்போதுதான் சாக்கை விரித்து, தண்ணீர் தெளித்து, தராசைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். இன்னும் போணி ஆகவில்லை. போணி என்றால் அன்றைக்கு முதல் வியாபாரம். அந்த நேரத்தில் விலை கேட்டுவிட்டால் கால் கிலோவாவது வாங்கிவிட வேண்டும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் அன்றைய நாள் முழுக்கப் படுத்துவிடும் என்பது சந்தைக்காரர்களின் நம்பிக்கை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் ஒதுங்கிப் போவார்கள். எத்தனையோ சந்தை பார்த்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கை கேட்காதே.

நேராகப் போய்க் குந்தினார். புளியைக் கிள்ளி வாயில் போட்டார். இன்னொரு பக்கம் கிள்ளினார். மிளகாயை ஒடித்து மோந்தார். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அளவுப் படியை எடுத்து, கணுவால் மூன்று தட்டுத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு விலை. பாதிக்குக் கேட்டார். அந்த அம்மா, போணி நேரம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தராசைக் கையில் எடுத்தே விட்டார். மாமா எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பழைய புளி. திரும்பி வரும்போது பாத்துக்கலாம்."

பெரியநாயகி அம்மா தராசைக் கீழே வைத்தார். ஒரு பிடி மிளகாயும் உப்பும் எடுத்துக் கடையை மூன்று சுற்றுச் சுற்றி, எதிர் டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு வந்தார். அந்த டீக்கடையில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நெடி ஏறி மாமா இருமின இருமலில் கூலிங்கிளாஸ் டீக்குள் விழுந்தது. விடியற்காலையில் மிளகாயை எரிக்கிறார்கள், அறிவு கெட்ட ஜனங்கள் என்று திட்டிக்கொண்டே குடித்தார். டீக்குக் காசு கொடுத்தது நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை, மீசைக்கு மை. பெரியநாயகி அம்மா வாங்க வாங்க என்று வரவேற்றார், முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. விருத்தாசலத்துச் சம்பந்தம் என்பதால் விருத்தாசலத்துப் பீங்கான் கப்பே தேடி வாங்கி வைத்திருந்தார்கள். சௌந்தர்யா காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். பூபாலன் பார்த்த பார்வையிலேயே முடிந்துவிட்டது என்று தெரிந்தது. சாவித்திரி அத்தை பூவைக் கையில் எடுத்துவிட்டார்.

மாமா ஒரே மடக்கில் காப்பியைக் குடித்தார். கப்பைத் தூக்கிப் பிடித்தார். கணுவால் மூன்று தட்டுத் தட்டிக் காதில் வைத்தார்.

"செகண்ட்ஸ் மாலுங்க இது. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

பெரியநாயகி அம்மா அந்தக் கையையே பார்த்தார். பிறகு மீசையைப் பார்த்தார். அடுப்படியில் பஜ்ஜி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியை நிறுத்தச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பலகாரம் போதும், கெளம்புங்க. திரும்பி வரும்போது பாத்துக்கலாம்."

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கிவிட்டது. பஸ் ஏறினதும், அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பினை இல்லை என்று மட்டும் சொன்னார். நான் பின் சீட்டில் அத்தைக்கும் பூபாலனுக்கும் நடுவில் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மிளகாய் நெடியையும் விடவில்லை. நல்ல செய்தியைப் பூட்டி வைத்தால் எனக்கு வயிறு ஊதிக்கொள்ளும். விருத்தாசலத்தில் இறங்கினதும் அத்தை மாமாவிடம் ஒரே வார்த்தை சொன்னார்: "என் புள்ளய கெடப்புல போட்டுட்டீங்க."

கம்பெனியில் டொக்கு என்று கேட்ட ஜாடியைப் போடும் குவியல்தான் கெடப்பு.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சந்தையில் என்ன நடந்தது என்பதை அந்த வேப்பூர் டீக்கடைக்காரன் சொல்லித்தான் கேட்டேன். பூபாலன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வேப்பூருக்குப் போயிருக்கிறான். அந்த அம்மா சாக்கை விரிக்கும்வரை தூரமாக நின்றிருக்கிறான். தராசைக் கும்பிட்டு முடித்ததும் முன்னால் வந்து, எதையும் தொடாமல், விலையும் கேட்காமல், ஒரு பை நிறையப் புளி போடச் சொல்லியிருக்கிறான். சொன்ன காசை நீட்டியிருக்கிறான். அந்த அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாராம்.

"பேரம் பேசலியா தம்பி?"

"அதெல்லாம் எங்கப்பா பேசிட்டாருங்க."

அந்த அம்மா காசை மடியில் முடிந்துகொண்டாராம். அதற்குள் ஆள் வந்து, இன்னொரு ஆள் வந்து, கடை முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டதாம். பூபாலன் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் பையோடு நின்றிருக்கிறான்.

"சும்மா நிக்கறியே, அந்த மூட்டைய இப்பிடித் தள்ளு. வெயிலு வருது பாரு."

மதியம் வரை மூட்டை தூக்கிவிட்டு, சாயங்காலம் அவர்கள் வீட்டில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்திருக்கிறான். தையில் முகூர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு மனிதனுக்குக் கொஞ்சம் வெட்கம் வர வேண்டும். கோவிந்தராசு மாமாவுக்கு வந்தது பெருமை. கல்யாண மண்டபத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம் மண்டபத் தூணைத் தட்டிக்கொண்டே, தானே மாறுவேஷத்தில் சந்தைக்குப் போய் அலசி ஆராய்ந்து முடித்த சம்பந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேர் நம்பவும் செய்தார்கள். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து அதே கதையை எடுத்தார்.

பெரியநாயகி அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரசம் ஊற்றிக்கொண்டு வந்த ஆள் மாமா இலையருகே குனிந்தபோது அவன் தோளைத் தொட்டார்.

"சம்மந்திக்கு ஊத்தாத. பழைய புளி."