அந்த ஏழு சாம்பிள்கள்

காட்டூரிலிருந்து ஆரோக்கியமேரியின் தம்பி போன செவ்வாய்க்கிழமை காலையில் பேசினார். “அக்கா போயிட்டாங்க டாக்டர். தூக்கத்துலயே” என்றார். ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த நான், வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

உங்கள் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியராக மேரியை உங்களில் பலருக்குத் தெரியும். நான் அவரைச் சந்தித்தது மருத்துவமனையில். அங்கே கட்டிகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அறுவை சிகிச்சையில் எடுத்த மார்பகக் கட்டிகளிலிருந்து ஆய்வுக்குக் கொஞ்சம் திசு வேண்டும் என்று வந்தார். ஒப்புதல் படிவத்தை ஒவ்வொரு பெண்ணிடமும் தானே வாசித்துக் காட்டினார். “வேணாம்னு சொல்றதுக்கும் அவங்களுக்கு ஒரு நிமிஷம் குடுக்கணும்” என்பார்.

செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பிணைப்புப் புரதம் ஒன்றைத்தான் நாங்கள் பார்த்தோம். அது அதிகமாக இருந்தால் கட்டி அடங்கியிருக்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. பெரும்பாலும் அப்படித்தான் வந்தது. ஏழு சாம்பிள்களில் மட்டும் தலைகீழ்: புரதமும் அதிகம், கட்டியும் மூர்க்கம்.

“நடுவுல ஒரு நாள் கரண்ட் போய் ஃப்ரீசர் நின்னுடுச்சுல்ல, அதுல கெட்டிருக்கும். அந்த ஏழையும் விட்டுடலாம்” என்றேன்.

“ஒத்துவந்ததும் அதே ஃப்ரீசர்லதானே இருந்துச்சு வைதேகி? அதையும் விட்டுடலாமா?”

பதவி உயர்வுக்கு இந்த ஆய்வின் கட்டுரை மேரிக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. இருந்தும், வேறிடத்தில் வைத்திருந்த மீதித் திசுவை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். ஆறு வாரம் ஆனது. அதே ஏழு, அதே விடை. பதவி இன்னொருவருக்குப் போனது.

அப்போதுதான் அந்த ஏழு பேரின் பெயர்களை எடுத்துப் பார்த்தேன். அந்த ஏழில் ஒன்று, தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் செல்வராணியுடையது. ரிப்போர்ட் வாங்க வந்து அழுதவரிடம், “கட்டியை அடக்குற புரதம் உங்களுக்கு நிறைய இருக்கு, பயப்படாதீங்க” என்று நான் சொல்லியிருந்தேன். பதிவேட்டைப் பார்த்தால், இரண்டு முறை கீமோவுக்கு அவர் வரவே இல்லை.

மேரியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. “போன்ல வேணாம். நேர்ல போய் நீங்கதான் சொல்லணும். நான் கூட வரேன்” என்றார்.

மறுநாள் இருவரும் தொட்டியம் போனோம். நான் சொன்னது தவறு என்று செல்வராணியிடம் சொன்னேன். அவருக்குக் கோபம். “நிறைய இருக்குன்னீங்களே, அதை நம்பித்தானே நின்னுட்டேன்? இப்ப அது நல்லதா, கெட்டதா?”

நான் மேரியைப் பார்த்தேன்.

“எங்களுக்கே இன்னும் தெரியலைங்க” என்றார் மேரி. “சில கட்டியில அடக்குது, சிலதுல அடக்கலை. ஏன்னு தேடிக்கிட்டிருக்கோம். ஆனா கீமோவால பலன் இருக்குங்கறது தெரியும். அதை விட்டுடாதீங்க.”

செல்வராணி எங்களுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. ஆனால் அடுத்த திங்கள்கிழமை கீமோவுக்கு வந்துவிட்டார். முழுதாக முடித்தார். போன புதன்கிழமை மேரியை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தவர் அவர்தான்.

எதிர்பார்த்தபடி வராத முடிவை எல்லோருமே இரண்டாம் முறை பார்ப்போம். எதிர்பார்த்தபடியே வந்துவிட்டதையும் இரண்டாம் முறை பார்க்கும் பழக்கம் எனக்கு மேரியிடமிருந்து வந்தது. அதனால் என் அறிக்கைகள் தாமதமாகின்றன. வெளியே காத்திருப்பவர்களிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்: “இன்னொரு தடவை பார்க்கணும், கொஞ்சம் இருங்க.”